முதுகலைக்கு மேல் அடுத்த படி பிஎச்.டி அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கையை ஒட்டி உங்கள் நாளிதழ் வெளியிட்ட கல்வி இணைப்பில் ஒரு படம் வந்திருந்தது. கீழ்ப்படியில் இளங்கலை, நடுப்படியில் முதுகலை, உச்சிப்படியில் கறுப்பு அங்கி அணிந்த முனைவர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வடசென்னையில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் அந்தப் படத்துக்கு ஒரே அர்த்தம்தான்: "எம்.எஸ்சி முடிச்சாச்சு, அடுத்தது பிஎச்.டி, நடுவுல நிறுத்தக் கூடாது." இது தவறான கணக்கு. இதனால் இருபதுகளின் பிற்பாதி முழுவதையும் வருமானமில்லாமல் கழிப்பவர்கள் பலர். இதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம்.

முதுகலை ஒரு படிப்பு. நான்கு பருவம், பாடத்திட்டம், தேர்வு, முடியும் தேதி எல்லாம் முன்கூட்டியே தெரியும். சுமாராகப் படித்தாலும் இரண்டாண்டில் வெளியே வந்துவிடலாம். பிஎச்.டி அப்படியல்ல, அது ஒரு வேலை. அதற்குச் சம்பளம் உண்டா, மேலதிகாரி யார், முடித்தபின் என்ன கிடைக்கும் என்று மற்ற வேலைகளுக்குக் கேட்பதையெல்லாம் இதற்கும் கேட்க வேண்டும். உதவித்தொகையும், ஆய்வுக்கு வழிகாட்டும் நல்ல நெறியாளரும் கைக்கு வராமல் அதில் கால் வைக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. அந்த இரண்டையும் தேடும் வேலை எம்.ஏ, எம்.எஸ்சி சேர்ந்த முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது.

முதலில் விதிகள். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி) 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைப்படி, நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர் நேராக பிஎச்.டிக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாண்டு இளங்கலை படித்தவருக்கு இரண்டாண்டு முதுகலையும் அதில் 55 சதவீதமும் வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியிலோ பி.ஏ, பி.எஸ்சி, பி.காம் படிக்கும் பிள்ளைகள் மூன்றாண்டுப் பட்டக்காரர்கள். ஆகவே அவர்களுக்கு "முதுகலையா, பிஎச்.டியா" என்ற கேள்வி இப்போது எழவே எழாது. முதுகலை கட்டாயம். இந்தக் கேள்வி உண்மையாகவே வருவது பி.இ, பி.டெக் முடித்தவர்களுக்கும், வெளிநாடு போக நினைப்பவர்களுக்கும், முதுகலையின் கடைசி ஆண்டில் இருப்பவர்களுக்கும்தான்.

அந்த 55 சதவீதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயருக்குள் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. ஆனால் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் 54.9ஐ 55 என்று முழுமையாக்க மாட்டார்கள். முதுகலையில் ஒரு தாளை "பாஸ் ஆனாப் போதும்" என்று விட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்னொரு கண்ணி சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி, எம்.பி.சி சான்று மாநில அரசுக்கானது. நெட் போன்ற மத்தியத் தேர்வுகளுக்குத் தனியாக ஓ.பி.சி சான்றிதழ் வாங்க வேண்டும். அதில் பெற்றோர் வருமானம் பற்றிய விவரமும் இருக்கும், தேர்வு அறிவிப்பு கேட்கும் காலத்துக்குள் வாங்கியதாகவும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் முதலில் பட்டியலைப் பார்த்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போவது நல்லது. பழைய மாநிலச் சான்றை வைத்து விண்ணப்பித்துவிட்டு, தேர்ச்சி பெற்ற பிறகு சலுகையை இழப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

முதுகலைக்கும் பிஎச்.டிக்கும் நடுவில் இருந்த எம்.ஃபில் ஆய்வுப் பட்டம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பெற்றோர் இன்னும் கேட்கிறார்கள். 2022 விதிமுறையோடு அந்தப் பட்டம் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் வாங்கியவர்களின் பட்டம் செல்லும். புதிதாக எங்காவது சேர்க்கை நடப்பதாகச் சொன்னால் பணம் கட்ட வேண்டாம்.

இனி வேலைக் கணக்கு. அரசுப் பள்ளியில் முதுகலைப் பட்டதாரி ஆசிரியராக வேண்டும் என்பவருக்கு முதுகலையும் பி.எட்டும் போதும். ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வுதான் வழி. தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாய். பி.எட் இப்போது இரண்டாண்டு. இந்தப் பணிக்கு பிஎச்.டி இருந்தால் முன்னுரிமை கிடைக்கும் என்று ஊரில் பேசிக்கொள்வதை நம்பி ஐந்தாண்டைச் செலவழிக்கக் கூடாது. இந்த வேலைக்குப் போகிறவர் இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். பெயர் கொஞ்சம் மாறிய பட்டம் என்றால், அது மூலப்பாடத்துக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். "அப்ளைடு" என்று தொடங்கும் கவர்ச்சியான பெயர்கள் விளம்பரத்தில் நன்றாக இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில்தான் அதற்கு விலை கொடுக்க நேரும்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் பிஎச்.டி கட்டாயமில்லை என்பது பலருக்குத் தெரியாது. பல்கலைக்கழகத் துறைகளுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதி தள்ளிப்போடப்பட்டு, 2023 ஜூலை முதல் திருத்தப்பட்டுவிட்டது. உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையோடு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருந்தால் குறைந்தபட்சத் தகுதி நிறைவேறும். நெட் இந்தியா முழுவதற்கும், செட் அந்த மாநிலத்துக்கு மட்டும் செல்லும். தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் எப்போதாவதுதான் அறிவிக்கப்படுகின்றன, போட்டியில் பிஎச்.டி வைத்திருப்பவர்கள் நிறைய. இடைப்பட்ட காலத்தில் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவர்களுக்கு மாதம் 25,000 ரூபாய்தான், அதுவும் ஆண்டுக்கு 11 மாதம். முனைவர் பட்டம் பெற்றவருக்கு அதைவிடக் குறைவாகக் கொடுக்கும் தனியார் கல்லூரிகளும் சென்னையில் உண்டு. இது தெரிந்தும் ஆய்வில் ஆர்வம் குறையவில்லை என்றால் போகலாம். "எப்படியும் காலேஜ்ல வேலை கிடைச்சிடும்" என்பதற்காகப் போகக் கூடாது.

தொழிற்சாலைப் பக்கம் நிலைமை வேறு. மணலி, அம்பத்தூர் பகுதித் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள் எம்.எஸ்சி வேதியியலாளரிடம் எதிர்பார்ப்பது கருவி ஓட்டத் தெரிந்த கையைத்தான். கலவையைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி, ஜி.சி கருவிகளில் அளவுத்திருத்தம் செய்யத் தெரியுமா, முடிவை ஆவணப்படுத்தத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். இதற்கு பிஎச்.டி தேவையில்லை. சில இடங்களில் அதுவே தடையாகவும் இருக்கும், "இவர் நம்மிடம் நிலைக்க மாட்டார்" என்று ஒதுக்கிவிடுவார்கள். புதிய மூலக்கூறு, புதிய பொருள் உருவாக்கும் ஆராய்ச்சிப் பிரிவுகளும், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம், பள்ளிக்கரணை கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவற்றின் விஞ்ஞானிப் பணிகளும் வேறு வகை. அங்கே பிஎச்.டிக்கு மதிப்பு உண்டு. எந்தக் கதவைத் தட்டப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு சாவி தேடுவதுதான் முறை.

பொறியியல் மாணவர்களுக்குச் சுருக்கமாக. கேட் என்னும் தேசியத் தேர்வின் மதிப்பெண்ணோடு எம்.இ, எம்.டெக் சேருபவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. கேட் இல்லாமல் மாநிலக் கல்லூரிகளில் சேர சீட்டா என்னும் நுழைவுத் தேர்வு உண்டு, உதவித்தொகை கிடையாது. வேலைக்காகப் படிப்பவருக்கு எம்.இ போதும். ஆய்வா, வேலையா என்று முடிவு செய்ய முடியாதவர்களுக்கு ஐ.ஐ.டி சென்னையில் ஆய்வுவழி எம்.எஸ் என்று ஒரு பட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்து, பிடித்திருந்தால் பிஎச்.டிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். பிடிக்கவில்லை என்றால் எம்.எஸ் பட்டத்தோடு வெளியே வரலாம். இந்த வழி வடசென்னையில் அதிகம் பேசப்படாதது எங்களுக்கு வருத்தம்.

இப்போது பணம். உதவித்தொகைக்கு முக்கிய வழி நெட் தேர்வு. யு.ஜி.சி நெட் ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் சுற்றுகளாக நடக்கிறது. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண், மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் பறிப்பு இல்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடக் கூடாது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர் நெட் என்னும் தனித் தேர்வு. அங்கே தவறுக்குக் கழிவு உண்டு, கண்ணை மூடிக்கொண்டு குறிக்கக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டு தயாரானவர்கள் உண்டு. முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். யு.ஜி.சி நெட் முடிவு வந்து இரண்டாண்டுக்குள் முதுகலையைத் தேவையான மதிப்பெண்ணோடு முடித்தால் போதும். யு.ஜி.சி நெட் வழியாக ஜே.ஆர்.எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பெற வயது வரம்பு 30. பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயருக்குள் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்தாண்டு தளர்வு.

2024 முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது. மேல் வகை ஜே.ஆர்.எஃப் உதவித்தொகையோடு வருவது. நடு வகை உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி சேர்க்கைத் தகுதியும். கடைசி வகை பிஎச்.டி சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீத எடை, நேர்காணலுக்கு 30. சேர்க்கைக்காக அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். "நெட் பாஸ்" என்றதும் இனிப்பு வாங்கிக் கொடுக்கும் வீடுகளில் எந்த வகை என்று யாரும் கேட்பதில்லை. மேல் வகைக்கும் கீழ் வகைக்கும் உள்ள தூரம் பல லட்ச ரூபாய்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜே.ஆர்.எஃப் முதல் இரண்டாண்டு மாதம் 37,000, அடுத்த மூன்றாண்டு 42,000. ஐந்தாண்டு முழுமையாகக் கிடைத்தால் 24 லட்சம். விடுதியில் தங்காதவருக்கு வீட்டு வாடகைப்படியும், புத்தகம், பயணம், ரசாயனப் பொருள் போன்றவற்றுக்கு ஆண்டுச் செலவுத் தொகையும் தனி. இது எதுவும் இல்லாமல் சேருபவர் கட்டணமும் தானே கட்டி, ரசாயனமும் தானே வாங்கி, அதே ஐந்தாண்டைக் கழிக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப் கிடைக்காதவருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய், அதற்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனித் தகுதித் தேர்வு நடத்தியது. முழுநேரமாக பிஎச்.டி செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. நெறியாளர் நடத்தும் திட்டத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து அதையே பிஎச்.டியாக்குவதும் ஒரு வழிதான். ஆனால் திட்டம் மூன்றாண்டில் முடிந்துவிடும், பிஎச்.டி முடியாது. நான்காம் ஆண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சேரும் நாளிலேயே கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது இளங்கலையோடு நின்றுவிடும் என்பதையும் வீட்டுக் கணக்கில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை கிடைத்தாலும் மாதச் சம்பளம் போல முதல் தேதியில் வராது. நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இணையத்தில் வருகையை உறுதி செய்ய வேண்டும். அலுவலகத்தில் ஒருவர் பதிவிட, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். அதில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாதம் போச்சு, அடுத்த மாதம் சேர்ந்து வரலாம், வராமலும் இழுக்கலாம். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாமல் பணம் திரும்பிப் போவதும் உண்டு. இரண்டாண்டு முடிந்ததும் மூவர் குழு முன் அறிக்கை வைத்தால்தான் 42,000க்கு உயரும். அந்தக் குழுவைக் கூட்டச் சொல்லி ஆய்வாளரே அலைய வேண்டும், யாரும் தானாகக் கூட்ட மாட்டார்கள். குறைந்தது நான்கு மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சேருவது புத்திசாலித்தனம். வட்டிக்கு வாங்கி ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு, இது நிற்கும் ஓட்டமல்ல என்று மட்டும் சொல்கிறோம்.

அடுத்தது நெறியாளர். ஊரில் சொல்வது போல "கைடு". ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. ஆகவே ஒருவரிடம் இடம் இருக்கிறதா, அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்ற இரண்டையும் நேரடியாகக் கேட்கலாம், இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அவரிடம் இதற்கு முன் ஆய்வு செய்தவர்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். நெறியாளர் பெயரைக் கொடுத்துத் தேடி, கிடைப்பதில் மூன்றை இறக்கிப் பாருங்கள். முதல் ஆய்வேட்டிலிருந்து மூன்றாவது வரை தலைப்பில் ஊர்ப் பெயர் மட்டும் மாறி வருகிறதா? மேற்கோள் நூல்கள் பதினைந்தாண்டுப் பழசா? எப்போது சேர்ந்து எப்போது முடித்தார்கள்? இந்த மூன்று கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி முடிவு வந்துவிடும். மீதிப் பாதிக்கு, இப்போது அவரிடம் இருக்கும் ஆய்வாளர்களைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திருத்தித் தருகிறார், ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவமும் கூடுகிறதா, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது என்று கேளுங்கள். நெறியாளர் வீட்டு மின்கட்டணம் கட்டுவதும், அவர் பிள்ளைக்கு டியூஷன் எடுப்பதும் ஆய்வாளர் வேலையாக இருக்கிறதா என்பதையும் நாசூக்காகத் தெரிந்துகொள்ளலாம். டீக்கடையில் ஐந்து நிமிடம் நின்றால் தானாகவே வந்துவிடும் தகவல் அது.

தலைப்பும் களமும் கால அளவைத் தீர்மானிக்கும் என்பதை முதுகலை மாணவர்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. நம் பகுதியிலேயே உதாரணம் சொல்லலாம். எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் கழிவு, உவர்ப்பு, நண்டு, இறால் பற்றி எம்.எஸ்சி நான்காம் பருவத்தில் செய்யும் திட்டத்துக்கு ஒரே பருவத்து நீர் மாதிரி போதும், நான்கைந்து மாதத்தில் முடித்துவிடலாம். அதையே பிஎச்.டியாகச் செய்தால் கோடை, தென்மேற்கு, வடகிழக்கு என்று ஒரு முழு ஆண்டாவது மாதிரி எடுக்க வேண்டும், பல நேரம் இரண்டாண்டு. ஜூலையில் சேர்ந்து, நுழைவுக் குழப்பமும் பாடநெறியும் (கோர்ஸ் ஒர்க்) முடிந்து, கருவி பிடிப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை போய்விட்டால் அடுத்த அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓராண்டு அப்படியே கரையும். காசிமேட்டு விசைப்படகுகளின் மீன்வரத்தைப் பற்றி ஆய்வு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அப்போது தரவே இல்லை. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் மண் மாதிரி எடுக்க மாநகராட்சி அனுமதி வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை நோயாளிகளிடம் ஒரு கேள்வித்தாள் கொடுப்பதற்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில் வேண்டும், ஒப்புதலுக்கு முன் எடுத்த தரவைப் பிறகு சேர்க்க முடியாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வரலாற்று ஆய்வு செய்பவருக்கும் நெறியாளரின் கடிதம் தேவை. ஆக, அனுமதி வாங்கும் வேலையைச் சேர்ந்த முதல் மாதமே தொடங்குபவர் முன்னால் போகிறார். "முதல்ல கோர்ஸ் ஒர்க் முடியட்டும்" என்று இருப்பவர் பின்தங்குகிறார்.

பாடநெறி என்பது குறைந்தது 12 மதிப்பலகு (கிரெடிட்). ஆய்வு முறையியல், ஆய்வு வெளியீட்டு நெறிமுறை, சொந்தத் துறைத் தாள். 55 சதவீதம் எடுக்காமல் ஆய்வேடு சமர்ப்பிக்க முடியாது. மொத்தக் காலம் குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு, மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டாண்டு, ஆக மொத்தம் பத்து. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு. திருமணமாகி வேறு ஊர் போகும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவோடு அங்குள்ள நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளவும் விதி அனுமதிக்கிறது. ஆனால் நிதி நிறுவனம் பணம் கொடுத்த திட்டத்தின் தரவை அப்படி எடுத்துப் போக முடியாது. "கல்யாணம் ஆனா எல்லாம் வீணாயிடும்" என்று பெண்ணைத் தடுக்கும் வீடுகளில் இந்த விதியை எடுத்துக் காட்டலாம்.

பயணத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வகுப்புக்குப் போய்விட்டு மதியம் திரும்பும் வசதி முதுகலையில் உண்டு. ஆய்வகத்தில் மாதிரியை இரவு எட்டு மணிக்குத்தான் எடுக்க முடியும் என்றால் எட்டு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். விம்கோ நகரிலிருந்து கிண்டிக்கு மெட்ரோ வந்திருப்பது பெரிய உதவிதான். தரமணி வளாகத்துக்கு மின்சார ரயிலில் போனால் கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயில் மாற வேண்டும். எண்ணூர், மீஞ்சூர் பக்கமிருந்து தினமும் போய்வருவதைவிட, விடுதி கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பகுதிநேர பிஎச்.டி பற்றி ஒரு எச்சரிக்கை. விதி அனுமதிக்கிறது. ஆனால் வேலை தருபவர் எழுதித் தரும் தடையில்லாச் சான்றில், பகுதிநேரமாகச் செய்ய அனுமதிக்கிறோம், பணிப் பொறுப்புகளுக்கு இடையே ஆய்வுக்குப் போதிய அவகாசம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடநெறிக்காக விடுவிப்போம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளி, கல்லூரிகளில் இது எப்படியோ கிடைத்துவிடும். தனியார் நிறுவன மனிதவளத் துறை மூன்றாவது வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போடத் தயங்கும். அதை வாங்காமல் விண்ணப்பக் கட்டணம் கட்டுவது வீண். தொலைதூரக் கல்வியிலோ இணையவழியிலோ பிஎச்.டி செய்ய விதியில் இடமே இல்லை.

பணம் கொடுத்துக் கட்டுரை வெளியிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற தேசிய அளவிலான கட்டாயம் 2022லேயே எடுக்கப்பட்டது. பல்கலைக்கழகம் தனியாக விதித்திருக்கலாம், அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் என்று மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியலும் 2025ல் கைவிடப்பட்டது. "கேர் லிஸ்ட் ஜர்னல்" என்று இன்னும் வாட்ஸப்பில் வரும் அழைப்புகளுக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஆய்வேட்டில் பிறர் எழுதியது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரை சிக்கலில்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆய்வேடு எழுதித்தரும் கடைகளை நம்பியவர்கள் மாட்டுவது இந்தக் கட்டத்தில்தான், அப்போது கடைக்காரர் போனை எடுக்க மாட்டார்.

வெளிநாடு பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் இளங்கலை முடித்ததும் நேராக பிஎச்.டி சேரலாம், அதற்குப் பெரும்பாலும் அவர்களே பணம் தருவார்கள். அங்கே முதுகலைக்குத்தான் நாம் கடன் வாங்க வேண்டும். ஜெர்மனியில் தலைகீழ்: பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் அந்த முதுகலை இல்லாமல் முனைவர் பட்ட இடம் கிடைப்பது அரிது. கடன் வாங்கி அமெரிக்க எம்.எஸ் போக வீட்டை அடமானம் வைக்கும் முன், பிஎச்.டிக்கே விண்ணப்பித்துப் பார்க்கலாமா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு மாணவர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. எம்.ஏ, எம்.எஸ்சி கடைசிப் பருவத் திட்டத்தைப் பிறர் எழுதியதை நகலெடுக்காமல் தானே செய்து பார்க்க வேண்டும். வராத முடிவு ஏன் வரவில்லை என்று மூன்று வாரம் சலிக்காமல் தேடியவருக்கு ஆய்வு சரிப்படும். அறிக்கையை பைண்டிங் போட்ட மறுநாளே அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பிடிக்காதவர் முதுகலையோடு நின்று நல்ல வேலைக்குப் போகலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டு வயது வரம்புக்குள் திரும்பி வந்து ஜே.ஆர்.எஃப் எழுதும் வழியும் திறந்தே இருக்கிறது.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வி இணைப்பு வந்த அதே நாளில், வரிவிளம்பரப் பக்கத்தில் "ஒரே ஆண்டில் முனைவர் பட்டம், வேலையில் இருந்துகொண்டே" என்று ஒரு விளம்பரம் கைபேசி எண்ணோடு வந்திருந்தது. குறைந்தபட்சம் மூன்றாண்டு என்று விதி இருக்கும்போது இது என்ன பட்டம் என்று சொல்லத் தேவையில்லை. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. இத்தகைய விளம்பரங்களை வாங்குமுன் உங்கள் விளம்பரப் பிரிவு அந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அடுத்த இணைப்பில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பிஎச்.டி அறிவிப்பைப் போடும்போது, எத்தனை இடத்துக்கு உதவித்தொகை உண்டு, எந்த நெறியாளரிடம் இடம் காலி, பகுதிநேரம் உண்டா என்ற மூன்று விவரத்தையும் கேட்டு வாங்கிப் பிரசுரியுங்கள். தர மறுக்கும் நிறுவனத்தின் பெயருக்கு எதிரே "விவரம் தரப்படவில்லை" என்று அச்சிட்டாலே போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை 21